ஆம்னியோ, சிவிஎஸ் முடிந்த பிறகு: எதைக் கவனிப்பது, எதைக் கேட்டு வாங்குவது, எப்போது கிளம்பிப் போவது

கர்ப்பத்தில் குழந்தைக்குக் குரோமோசோம் அல்லது மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பரிசோதனைகள் உண்டு. வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுக்கும் ஆம்னியோசென்டசிஸ் (சுருக்கமாக ஆம்னியோ), நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசுவை எடுக்கும் சிவிஎஸ் இரண்டைப் பற்றியும் பரிசோதனைக்கு முன்னால் எல்லோரும் நிறையப் பேசுவார்கள். ஊசி வெளியே வந்ததும் பேச்சு நின்றுவிடும். "ரெஸ்ட் எடுங்க, ஏதாவதுன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த "ஏதாவது" எது, எவ்வளவு சீக்கிரம் போன் செய்ய வேண்டும், லேப் முடிவு எப்படி வரும், வராவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் யாராவது வரிசையாகச் சொன்னால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். இந்தக் கட்டுரை அதற்குத்தான். பரிசோதனை செய்துகொள்ளலாமா வேண்டாமா என்ற கேள்விக்குள் இது போகவில்லை. செய்துகொள்ள முடிவெடுத்தவர்களுக்கும், செய்து முடித்து வீட்டில் படுத்திருப்பவர்களுக்கும் எழுதியது.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் கீழே உள்ள சில விஷயங்களுக்கு நேரக் கெடு உண்டு. அதனால் முடிந்தால் பரிசோதனைக்கு முந்தைய நாளே ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

ஊசி போட்ட கையோடு ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வழக்கமாக அவர்களே காட்டுவார்கள், காட்டாவிட்டால் கேளுங்கள். துடிப்பு இருந்தது, இந்த நேரத்தில் பார்த்தோம் என்ற வரி அறிக்கையிலும் இருக்க வேண்டும்.

பிறகு கையில் ஒரு தாள் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதில் இவையெல்லாம் எழுதியிருக்க வேண்டும்:

- என்ன பரிசோதனை, எந்தத் தேதி, கர்ப்பம் அன்று எத்தனை வாரம் எத்தனை நாள்
- ஊசி எத்தனை முறை போனது, நஞ்சுக்கொடி வழியாகப் போனதா
- எடுத்த நீர் தெளிவாக இருந்ததா, ரத்தம் கலந்திருந்ததா
- உங்கள் ரத்தப் பிரிவு. நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (அடுத்த பகுதியில் விளக்கம்) போட்டார்களா, எவ்வளவு, எத்தனை மணிக்கு
- லேபுக்கு அனுப்பிய சோதனைகளின் பெயர்கள், லேபின் பெயர், சாம்பிள் எண்
- இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு போன் எண்

கடைசி இரண்டிலும்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். மரபணு லேப் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத தனி நிறுவனம். சாம்பிள் எண் இல்லாமல் நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் அங்கே யாராலும் பதில் சொல்ல முடியாது. போன் எண்ணும் அப்படித்தான். பகல் 5 மணிக்கு மூடும் கிளினிக்கின் எண் ராத்திரி 2 மணிக்கு நீர் கசிந்தால் உதவாது. "ராத்திரியில் எங்கே போவது, எந்த வாசல், யாரைக் கேட்பது" என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஹெப்பாரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், அதை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மணிக்கணக்கோடு எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் குழப்பம் வரும். குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்களும் நிறுத்துவதா தொடர்வதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

இரட்டைக் குழந்தைகள் என்றால் எந்தச் சாம்பிள் எந்தக் குழந்தையுடையது என்று படத்தோடு குறித்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடி எந்தப் பக்கம், குழந்தை மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று இரண்டு மூன்று அடையாளங்கள் இருந்தால் நல்லது. இரண்டு வாரம் கழித்து ஒரு குழந்தைக்கு மட்டும் மாறுபட்ட முடிவு வந்தால், அது எந்தக் குழந்தை என்பதற்கு இந்தக் குறிப்பைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

2. ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால்: 72 மணி நேரம்

இந்தப் படியைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த கர்ப்பத்தில்தான் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு முன்னால் வைத்திருக்கிறேன்.

உங்கள் ரத்தம் ஏ, பி, ஓ, ஏபி எதுவானாலும் பின்னால் "நெகட்டிவ்" என்று இருந்தால், குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருக்க வாய்ப்புண்டு. ஊசி போகும்போது குழந்தையின் ரத்தம் சிறு துளி உங்கள் ரத்தத்தில் கலக்கலாம். உங்கள் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ளலாம். ஒருமுறை உருவானால் அது அழியாது. இந்தக் குழந்தைக்கோ அடுத்து வரும் குழந்தைக்கோ ரத்த அணுக்கள் உடைந்து கடுமையான சோகை வரலாம். இதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தவறிவிட்டால் "இனிமேல் போட்டு என்ன பயன்" என்று விட்டுவிடாதீர்கள். 10 நாள் வரையிலும் ஓரளவு பலன் கிடைக்கலாம். தெரிந்த அன்றே போய்க் கேளுங்கள்.

அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும். சில இடங்களில் 20 வாரத்துக்கு முன் 250 யூனிட், அதற்குப் பின் 500 யூனிட். வேறு சில இடங்களில் எல்லோருக்கும் 1500 யூனிட், அதாவது 300 மைக்ரோகிராம். 20 வாரம் தாண்டியிருந்தால் எவ்வளவு ரத்தம் கலந்தது என்று அளக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்து, தேவைப்பட்டால் கூடுதல் ஊசி போடுவார்கள்.

சில நடைமுறைச் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். இந்த ஊசி எல்லா மருந்தகத்திலும் இருக்காது, குளிர்பதனத்தில் வைக்க வேண்டியது, விலையும் அதிகம். விடுமுறைக்கு முந்தைய நாள் பரிசோதனை என்றால் ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். பழைய கர்ப்பத்தின் ரத்தப் பிரிவுத் தாளை நம்பி வாய்வார்த்தையாகச் சொல்லாமல், அச்சிட்ட அறிக்கையைக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே உங்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டது என்று அறிக்கை இருந்தால் இந்த ஊசி பயன்படாது. கண்காணிப்பு முறையே வேறு.

3. முதல் இரண்டு நாள்: எது வழக்கம்

மாதவிலக்கு வலி போல அடிவயிற்றில் ஒரு இழுப்பு, ஊசி போன இடத்தில் தொட்டால் வலி, களைப்பு. இவை ஓரிரு நாளில் தானே அடங்கும். சிவிஎஸ், அதிலும் கருப்பை வாய் வழியாகச் செய்த சிவிஎஸ் என்றால், திட்டுத்திட்டாக ரத்தம் படுவது சகஜம். சிவப்பாகத் தொடங்கிப் பழுப்பாக மாறிச் சில நாளில் நிற்கும். ஆம்னியோவுக்குப் பிறகு ரத்தம் படுவது குறைவு. அதனால் கொஞ்சம் பட்டாலும் போன் செய்து சொல்லிவிடுவது நல்லது.

முதல் நாள் வீட்டில் ஓய்வாக இருங்கள். கனமான பொருள் தூக்குவது, உடற்பயிற்சி, தாம்பத்திய உறவு ஆகியவற்றை இரண்டு மூன்று நாளாவது தள்ளிவையுங்கள். கருப்பை வாய் வழியாகச் செய்திருந்தால் டாக்டர் கூடுதல் நாள் சொல்லலாம். கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சில வீடுகளில் ஒரு வாரம் படுக்கவைத்துவிடுகிறார்கள். முழுப் படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எழுந்து நடமாடலாம், குளிக்கலாம், சமைக்கலாம்.

வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் வேண்டாம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பாராசிட்டமால் காய்ச்சலையும் மறைத்துவிடும். ஆகவே மாத்திரை போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நேரத்தோடு எழுதிவையுங்கள். வலிக்கு என்று மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டே "காய்ச்சல் இல்லை" என்று சொன்னால் அதற்கு அர்த்தமில்லை.

4. நீர் கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

ஆம்னியோ செய்தவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். அதிகம் குழப்புவதும் இதுதான். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு ஊசி போன துளை வழியாகப் பனிக்குட நீர் கசிந்து பிறப்புறுப்பு வழியாக வெளியேறும். பனிக்குடம் தானாக உடைவதும் இதுவும் ஒன்றல்ல. தானாக உடைந்தால் நிலைமை கடினம். ஊசிக்குப் பின் வரும் கசிவோ பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நின்று, நீரின் அளவு பழையபடி ஏறி, குழந்தை நலமாகப் பிறக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் இணையத்தில் "பனிக்குடம் உடைந்தால்" என்று தேடிப் படித்து உடைந்துபோகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து அப்படித் தேடாதீர்கள்.

எடுத்த நீரின் அளவைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். ஆம்னியோவில் எடுப்பது 15 முதல் 20 மில்லி. 16 வாரத்தில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 200 மில்லி. எடுத்த நீர் சீக்கிரமே மீண்டும் ஊறிவிடும்.

வீட்டில் இப்படிச் சோதியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, வாசனை சேர்க்காத வெள்ளை நாப்கின் ஒன்றை வையுங்கள். அரை மணி நேரம் படுத்திருங்கள். எழுந்து நிற்கும்போது சொட்டென்று நீர் இறங்குகிறதா பாருங்கள். பனிக்குட நீர் தண்ணீராகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், வழுவழுப்பு இருக்காது, சிறுநீர் வாடை அடிக்காது. வெள்ளைபடுதல் என்றால் கெட்டியாக, பிசுபிசுப்பாக இருக்கும். இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் வந்து, வாடையும் அடித்தால் பெரும்பாலும் சிறுநீர். பரிசோதனை முடிந்த முதல் சில மணி நேரத்தில் ஸ்கேன் ஜெல்லும், தோலைத் துடைத்த மருந்தும் வழிந்து உள்ளாடையை நனைத்து ஏமாற்றும். நாப்கினை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

நனைந்தால், எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே போய்க் காட்ட வேண்டும். நனைந்த நாப்கினைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். அங்கே கருவியை வைத்து உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிறம் மாறும் காகிதப் பட்டையை நனைத்தும் சோதிப்பார்கள். பனிக்குட நீரின் காரத்தன்மையால் நிறம் மாறும். ரத்தம், விந்து, சில தொற்றுகள் இருந்தாலும் அதே நிறம் வரும் என்பதால் அந்தப் பட்டை ஒன்றை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. ஸ்கேனில் நீரின் ஆழத்தை அளப்பார்கள். மிக ஆழமான இடத்தில் 2 முதல் 8 செ.மீ. வரை இருந்தால் சரி. இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் அடுத்த வார ஸ்கேனோடு நீங்களே ஒப்பிடலாம்.

கசிவு உறுதியானால் வழக்கமாகச் சொல்வது ஓய்வு, தினம் இருமுறை காய்ச்சல் பார்ப்பது, வாரந்தோறும் ஸ்கேன். உள்ளே எதையும் வைக்கக் கூடாது: டாம்பான் கூடாது, உறவு கூடாது, தொட்டியிலோ குளத்திலோ இறங்கிக் குளிக்கக் கூடாது. ஷவரிலோ வாளித் தண்ணீரிலோ குளிக்கலாம். நாப்கினை அடிக்கடி மாற்றுங்கள், மாற்றும்போது நிறத்தையும் வாடையையும் பாருங்கள். பச்சை நிறமோ துர்நாற்றமோ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

5. யோசிக்காமல் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல். உடம்பு உதறும் குளிர். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கினை நனைக்கும் ரத்தம், அல்லது கட்டி கட்டியாக ரத்தம். விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், மாத்திரைக்கும் அடங்காத வலி. நாற்றமடிக்கும் கசிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். யாராவது திருப்பிக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கருப்பைக்குள் கடுமையான தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து, மணிக்கணக்கில் மோசமாகும். வேறொரு டாக்டரிடம் போக நேர்ந்தால் முதல் வாக்கியமே "இத்தனை நாளைக்கு முன் ஆம்னியோ செய்தேன்" என்று இருக்கட்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. முதல் படியில் வாங்கிய தாளைக் கைப்பையில் வைத்திருப்பது இதற்குத்தான்.

ஊசி குழந்தையைக் குத்திவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஊசி நுனியை ஸ்கேனில் இடைவிடாமல் பார்த்துக்கொண்டே செய்யும் இன்றைய முறையில் அப்படிக் காயம் ஏற்படுவது மிக அரிது.

6. கருச்சிதைவு பற்றிய எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது

ஒரு டாக்டர் "நூற்றில் ஒன்று" என்பார், இன்னொருவர் "ஆயிரத்தில் ஒன்று" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. 1 சதவீதம் என்ற எண் 1986-ல் டென்மார்க்கில் 4,606 பெண்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. ஆம்னியோ செய்தவர்களில் 1.7 சதவீதமும், செய்யாதவர்களில் 0.7 சதவீதமும் கருவை இழந்தார்கள். வித்தியாசம் 1. பிற்காலத்தில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கூடுதல் ஆபத்து ஆம்னியோவுக்கு 0.1, சிவிஎஸ்ஸுக்கு 0.2 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அனுபவமுள்ள கைகளில் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்பதே இன்று நிபுணர்கள் வழக்கமாகச் சொல்வது. இரட்டைக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்.

இந்த எண்களிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: பரிசோதனை செய்யாமலேயே நடக்கும் இழப்புகளும் உண்டு, அவை எல்லாவற்றுக்கும் ஊசி காரணமில்லை. பரிசோதனையால் நேரும் இழப்பு பெரும்பாலும் முதல் 3 நாளில் நேரும், 2 வாரம் வரை வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு நேர்ந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

இழப்பு நேர்ந்துவிட்டால், அந்தத் துயரத்தின் நடுவிலும் யாராவது ஒருவர் செய்ய வேண்டியவை சில உண்டு. கணவரோ அம்மாவோ அக்காவோ இந்தப் பத்தியைப் படித்துவைத்திருக்கட்டும். ரத்தம் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி மறுபடி தேவையா என்று கேட்க வேண்டும். அனுப்பிய சாம்பிளை லேப் நிறுத்திவிடாமல் முடித்து அறிக்கை தரச் சொல்ல வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு அந்த அறிக்கைதான் வழிகாட்டும். "நீதானே பரிசோதனைக்குச் சம்மதித்தாய்" என்ற பேச்சு வீட்டில் எழவே கூடாது. முன்னால் நின்று அதைத் தடுப்பதும் அந்த ஒருவரின் வேலை.

7. முடிவு எப்போது வரும்

ஒரே சாம்பிளில் மூன்று விதமான சோதனை செய்யலாம், மூன்றுக்கும் மூன்று கெடு. எதை அனுப்பினார்கள் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கொடுமை.

ஃபிஷ் அல்லது க்யூஎஃப்-பிசிஆர் என்னும் விரைவுச் சோதனை 2 முதல் 3 வேலை நாளில் வரும். இது 13, 18, 21-ஆம் குரோமோசோம்களையும் பாலினக் குரோமோசோம்களையும் மட்டும் எண்ணிச் சொல்லும். எல்லாக் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் பார்க்கும் கேரியோடைப்புக்கு செல்களை வளர்க்க வேண்டும்; அதனால் 2 வாரம், சில நேரம் 3 வாரம். மைக்ரோஅரே இன்னும் நுண்ணிய குறைபாடுகளையும் கூடுதல்களையும் காட்டும். 1 முதல் 3 வாரம். பெற்றோர் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

விரைவுச் சோதனை "நார்மல்" என்று வந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள், அது பாதி முடிவு. மறுபுறம், விரைவுச் சோதனை நன்றாக வந்தபின் கேரியோடைப் தாமதமானால் அது கெட்ட செய்திக்கு அறிகுறியும் அல்ல. செல்கள் மெதுவாக வளர்கின்றன, அவ்வளவுதான். சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆனால் சாம்பிள் எண்ணோடு நீங்களே கூப்பிடுங்கள்.

நாட்டுச் சட்டம் கர்ப்பத்தைக் கலைக்க வாரக் கெடு வைத்திருந்தால், அந்தக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 12 வாரத்தில் சிவிஎஸ், 14 அல்லது 15-ல் முழு முடிவு. அது தெளிவில்லை என்றால் 16-ல் ஆம்னியோ, 18 அல்லது 19-ல் இரண்டாம் முடிவு. நேரம் இருக்கிறது. ஆனால் ஆம்னியோவையே 19-ல் செய்து செல் வளராமல் போனால் நெருக்கடி வரும். அப்படியானால் பரிசோதனை நாளன்றே டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள். சீக்கிரம் வேண்டும் என்பதற்காக முன்கூட்டிச் செய்யச் சொல்லாதீர்கள். 10 வாரத்துக்கு முன் சிவிஎஸ் செய்தால் குழந்தையின் கை, கால் விரல்கள் பாதிக்கப்படும் ஆபத்தும், 15 வாரத்துக்கு முன் ஆம்னியோ செய்தால் பாதம் வளைந்துபோவது, கரு இழப்பு இரண்டின் ஆபத்தும் கூடுகின்றன.

சில நாடுகளில் குழந்தையின் பாலினத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம். அங்கே அறிக்கையில் அந்த விவரம் மறைத்திருக்கும். அதைக் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

8. முடிவு குழப்பமாக வந்தால்

எல்லா அறிக்கையும் "நார்மல்", "அப்நார்மல்" என்று இரண்டாகப் பிரியாது. நடுவில் நிற்கும் முடிவுகள்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

*செல் வளரவில்லை.* ஆம்னியோவில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக நடக்கும். குழந்தைக்குக் குறை என்று பொருளல்ல. மறுபடி ஊசி போட வேண்டுமா, இருக்கும் டிஎன்ஏவை வைத்து மைக்ரோஅரே செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். மறுமுறைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

*தாயின் செல் கலந்திருக்கிறது.* ரத்தம் கலந்த சாம்பிளில் வரும். உங்கள் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். சாம்பிள் அனுப்பும் நாளிலேயே உங்கள் ரத்தத்தையும் ஒரு குழாயில் அனுப்பினால் ஒரு வாரம் மிச்சம்.

*மொசைக்.* சில செல்கள் சரியாகவும் சில செல்கள் மாறுபட்டும் இருப்பது. சிவிஎஸ் செய்தவர்களில் 1 முதல் 2 சதவீதம் பேருக்கு இப்படி வரும். இங்கே நிதானம் மிக மிகத் தேவை. சிவிஎஸ் எடுப்பது நஞ்சுக்கொடியை; குழந்தையை அல்ல. மாறுபாடு நஞ்சுக்கொடியில் மட்டும் நின்று, குழந்தை சரியாக இருப்பதே பெரும்பாலும் நடப்பது. சிவிஎஸ் மொசைக் முடிவை மட்டும் வைத்து மீள முடியாத எந்த முடிவும் எடுக்காதீர்கள். 15 வாரத்துக்குப் பின் ஆம்னியோ செய்து உறுதிப்படுத்துங்கள். குழந்தை சரி என்று வந்தாலும், நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் வளர்ச்சி குறையலாம் என்பதால் பிற்பாதியில் வளர்ச்சி ஸ்கேன்கள் கூடுதலாகத் தேவை.

தாயின் ரத்தத்தில் செய்யும் என்ஐபிடி சோதனையில் ஆபத்து என்று வந்து, அதை உறுதிசெய்யப் பரிசோதனைக்கு வந்தவர்கள் இதைக் கூர்ந்து படியுங்கள். என்ஐபிடி பார்ப்பதும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டிஎன்ஏவைத்தான். ஆகவே நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்தால் என்ஐபிடி, சிவிஎஸ் இரண்டுமே ஒரே தவறைச் சொல்லலாம். ஆம்னியோவுக்குக் காத்திருப்பது நல்லதா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.

*பொருள் தெளிவில்லாத மாற்றம்.* மைக்ரோஅரேயில் வருவது. இந்த மாற்றம் நோய் தருமா தராதா என்று இன்றைய அறிவுக்குத் தெரியாது என்று பொருள். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதிப்பார்கள். நலமாக வாழும் அப்பாவிடமோ அம்மாவிடமோ அதே மாற்றம் இருந்தால் கவலை பெருமளவு குறையும்.

*இயல்பான வேறுபாடு.* உதாரணத்துக்கு, 9-ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி தலைகீழாக இருப்பதாக அறிக்கை சொல்லலாம். மக்களில் 1 முதல் 3 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது, நோய் எதுவும் இல்லை. அறிக்கையின் கடைசி வரியில் இருக்கும் விளக்கத்தைப் படிக்காமல் முதல் வரியைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

9. பணக் கணக்கு

ஒரே தொகையாகச் சொன்னாலும் உள்ளே பல பில்கள் ஒளிந்திருக்கும். ஊசி போடும் கட்டணம், ஸ்கேன், ஒவ்வொரு லேப் சோதனைக்கும் தனித்தனி, ஆன்டி-டி, பெற்றோர் ரத்தச் சோதனை, ஆலோசகர் கட்டணம். இரட்டைக் குழந்தைகள் என்றால் லேப் செலவு இரட்டிப்பு. மூன்று கேள்விகளைப் பரிசோதனைக்கு முன்பே கேளுங்கள்: செல் வளராவிட்டால் மறுசோதனை இலவசமா? விரைவுச் சோதனையில் கோளாறு உறுதியானால் மைக்ரோஅரேயை நிறுத்திப் பணத்தைத் திரும்பத் தருவார்களா? வளர்த்த செல்லையும் டிஎன்ஏவையும் எத்தனை மாதம் வைத்திருப்பார்கள்?

மூன்றாவது கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை. 20-ஆம் வார ஸ்கேனில் புதிதாக ஏதாவது தெரிந்து, ஒரு குறிப்பிட்ட மரபணுவைச் சோதிக்க வேண்டி வந்தால், சேமித்த டிஎன்ஏவிலேயே செய்துவிடலாம். இன்னொரு ஊசியும் வேண்டாம், அதன் செலவும் வேண்டாம்.

காப்பீடு இருந்தால், மருத்துவக் காரணத்தை எழுதிய டாக்டர் கடிதத்தோடு முன் அனுமதி வாங்குங்கள். லேப் தனி நிறுவனம் என்பதால் ஆஸ்பத்திரி பில்லுக்கு அனுமதி கிடைத்து லேப் பில் மட்டும் நிராகரிக்கப்படுவது உண்டு.

10. முடிவு சொல்லும் நாள்

போனில் சொல்வார்களா, நேரில் வரச் சொல்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். போன் என்றால் யார் எடுப்பது என்று வீட்டில் பேசிவையுங்கள். வேலை நேரத்தில், பேருந்தில், தனியாக நிற்கும்போது அந்த அழைப்பு வராமல் பார்த்துக்கொள்ள இதுதான் வழி. நேரில் வரச் சொன்னாலே கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; சில இடங்களில் எல்லோரையும் நேரில்தான் கூப்பிடுவார்கள்.

கோளாறு என்று வந்தால் அன்றைக்கே எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. அறிக்கையின் நகலை வாங்குங்கள். மரபணு ஆலோசகரையும், அந்தக் குறையோடு வாழும் குழந்தைகளைப் பார்க்கும் குழந்தை மருத்துவரையும் சந்திக்க நேரம் கேளுங்கள். கர்ப்பத்தைத் தொடர்வதும் தொடராததும் உங்கள் இருவரின் முடிவு. உறவினர் எல்லோரிடமும் சொல்வதற்கு முன் சில நாள் எடுத்துக்கொள்ளுங்கள், சொன்னதைத் திரும்பப் பெற முடியாது.

11. நார்மல் என்று வந்த பிறகும்

அறிக்கையை ஃபைலில் போட்டுவிட்டு மற்ற பரிசோதனைகளை விட்டுவிடும் தவறு சாதாரணமாக நடக்கிறது. குரோமோசோம் சரியாக இருந்தும் இதயத்திலோ முதுகுத்தண்டிலோ உதட்டிலோ குறை இருக்கலாம். 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் விரிவான ஸ்கேன் கட்டாயம் வேண்டும். ஸ்கேனில் குழந்தையின் கழுத்துப் பின்புற நீரளவு 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்ததால் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள், குழந்தையின் இதயத்துக்குத் தனி எக்கோவும் கேளுங்கள். சிவிஎஸ் மட்டும் செய்தவர்களுக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு சோதிக்கப்படவில்லை என்பது நினைவிருக்கட்டும். ஸ்கேனிலோ தாயின் ரத்தத்தில் ஏஎஃப்பி என்னும் புரதத்தை அளந்தோ பார்க்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி இருப்பவர்கள், ஊசி போட்ட விவரத்தைப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் குழந்தை மருத்துவரிடமும் சொல்லுங்கள். ரத்தத்தில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தால் ஆம்னியோ வழியாகக் குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடுகிறது. பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்னும் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசியும் போடவேண்டியிருப்பதால், மருந்து முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் தயாராக இருக்க வேண்டும்.

நெகட்டிவ் ரத்தக்காரர்களுக்கு 28 வாரத்தை ஒட்டிப் போடும் வழக்கமான ஆன்டி-டி தனி. பரிசோதனைக்குப் போட்டதை வைத்து அதைத் தவிர்க்க முடியாது. அந்தச் சமயத்தில் எடுக்கும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதாக அறிக்கை வரலாம். முன்பு போட்ட ஊசியின் மிச்சமாகவே அது இருக்கக்கூடும். எனவே ரத்தம் கொடுக்கும்போதே ஊசி போட்ட தேதியையும் அளவையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.